பிள்ளைகள் எத்தனை

மாரடைப்பில் பிழைத்தவர்களை ஓர் ஆண்டு கவனித்து எழுதும் ஆய்வு அது. வார்டில் என் அக்காவிடம் நர்ஸ் விவரம் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் யாருமில்லாதவர்களை மட்டும் வாரம் ஒரு முறை நர்ஸ் வந்து பார்ப்பாராம்.

"பிள்ளைங்க எத்தனை?"

"இல்லம்மா."

"மூணுன்னு எழுதுங்க," என்றேன். செங்கல் சுமந்து எங்கள் மூவரையும் ஆளாக்கியவள் அவள். தனக்கென்று குஞ்சு பொரிக்காமல், தம்பி தங்கைக்கு இரை ஊட்டும் பறவைகளைக் கணக்கெடுப்பது என் வேலை. அவற்றை 'உதவிப் பறவை' என்று குறிப்போம்.

"வாய மூடுடா. மூணுன்னா நர்ஸ் வரமாட்டாங்க."

"நாங்க இருக்கோம்ல?"

"நீ கூட்டை எண்ணப் போனா மூணு மாசம் ஆளே கிடையாது. மத்த ரெண்டுக்கும் போன்லதான் பாசம். நெஞ்சு வலிச்சா குருவியா வரும்?"

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அக்கா கோபமில்லாமல் சொன்னாள், அதுதான் சுட்டது. இந்த முறை கூடுகளுக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லி, அங்கேயே நின்று மேலதிகாரிக்குப் போன் செய்தேன்.

"இப்ப மூணுன்னு எழுதுங்க," என்றேன்.

"ஒண்ணுன்னு எழுதும்மா," என்றாள் அக்கா. "மத்த ரெண்டையும் அப்புறம் பாக்கலாம்."