தம்பி பெயரில் இருந்த கார்

லெபனானுக்குப் புறப்படுவதற்கு மூன்று நாட்களுக்கு முன் யுகேந்திரன் கிள்ளானுக்கு வந்து, தன் வெள்ளை மைவி காரின் சாவியை அண்ணன் ராதாகிருஷ்ணனிடம் கொடுத்தான். ராணுவத்தில் அவன் கோப்பரல். ஐ.நா. அமைதிப்படையில் ஓராண்டுப் பணிக்காகப் போகிறான். அவன் மனைவி ஷாமினிக்குக் கார் ஓட்டத் தெரியாது. செத்தாப்பாக் ராணுவக் குடியிருப்பில் கார் சும்மா நின்று பாழாவதை விட, வேலை இல்லாமல் இருக்கும் அண்ணன் அதை வைத்துக் கிராப் வாடகைக்கார் ஓட்டட்டும் என்று நினைத்தான். ஏழு வருடக் கடனில் ஐந்தரை வருடம் ஒரு மாதம் கூடத் தவறாமல் அவனே கட்டியிருந்தான். மீதித் தவணையை, ஓட்டத்தில் வரும் பணத்திலிருந்து அண்ணன் கட்டிவர வேண்டும். பேச்சு அவ்வளவுதான். கையெழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. அண்ணன் தம்பிக்குள் அது எதற்கு?

முதல் நான்கு மாதம் ராதாகிருஷ்ணன் ஒழுங்காகக் கட்டினார். ஐந்தாம் மாதம் அவருடைய மகள் பெரியவளானாள். மனைவி லோகேஸ்வரியின் அக்காள் வீட்டில் முந்தின வருடம் மண்டபம் எடுத்து அந்தச் சடங்கைச் செய்திருந்தார்கள். நம் வீட்டிலேயே எளிமையாகச் செய்யலாம் என்றுதான் லோகேஸ்வரி சொன்னாள். கேட்காதவர் இவர்தான். வேலை போனதிலிருந்து மைத்துனர்கள் தன்னிடம் பேசும் விதம் மாறிவிட்டதாக அவருக்கு ஓர் எண்ணம். கிள்ளானில் பெரிய மண்டபமாகப் பார்த்துப் பிடித்தார். அந்த மாதத் தவணை அதில் போயிற்று. அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று நினைத்தார். அடுத்த மாதம் அலங்காரக்காரருக்கும் சாப்பாட்டுக்காரருக்கும் பாக்கி இருந்தது.

கடனுக்குக் கொடுத்திருந்த முகவரி கிள்ளானில் அண்ணன் வீடுதான். வங்கியின் கடிதங்கள் அங்கேதான் வந்தன. முதல் கடிதத்தைப் பிரித்துப் படித்தார். அதற்குப் பிறகு வந்தவற்றைப் பிரிக்கவில்லை. லோகேஸ்வரியின் கண்ணில் படாமல் இருக்கக் காரின் பின்னால், ஸ்பேர் டயருக்கு அடியில் செருகி வைத்தார். யுகேந்திரன் ஞாயிற்றுக்கிழமை தோறும் லெபனானிலிருந்து கூப்பிட்டான். பிள்ளைகளைப் பற்றி, மழையைப் பற்றி எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் கார் எப்படி ஓடுகிறது என்று கேட்பான். நல்லா ஓடுது, நீ கவலைப்படாதே என்பார் இவர்.

நான்கு தவணை நின்ற பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பிரிக்ஃபீல்ட்ஸில் வங்கி ஆட்கள் காரைப் பறித்துக்கொண்டார்கள்.

அப்போது பின் இருக்கையில் சிவசம்பு என்ற பெரியவர் இருந்தார். ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கண்ணில் அறுவைச் சிகிச்சை முடிந்து கட்டுப் போட்டிருந்தார். மருத்துவரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். சிக்னல் தாண்டிச் சாலையோரம் திரும்பியதும் ஒரு கார் முன்னால் வந்து மறித்தது. இரண்டு மோட்டார் சைக்கிள்கள் பின்னால் நின்றன. இறங்கி வந்தவன் தமிழன்தான். முப்பது வயது இருக்கும். கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பேங்க்ல இருந்து வரோம். கார் உங்க பேர்லயா?"

"தம்பி பேர்ல."

"கட்டலன்னு தம்பிக்குத் தெரியுமா?"

ராதாகிருஷ்ணன் எஞ்சினை நிறுத்தினார். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. சாவிக்காகக் கையை நீட்டினான். எதிரே வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மேசை துடைத்துக்கொண்டிருந்தவர்கள் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். பூக்கடைப் பெண் கட்டுவதை நிறுத்திவிட்டாள். ராதாகிருஷ்ணன் பெரியவரைக் கைப்பிடித்து இறக்கி, நடைபாதை நிழலில் நிறுத்தினார். கார் போய்விட்டது.

சிவசம்பு எதுவும் விசாரிக்கவில்லை. மருத்துவமனை பக்கம்தான், நடந்துவிடுவேன் என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து பத்து வெள்ளிப் பணத்தாளை எடுத்து ராதாகிருஷ்ணன் கையில் வைத்து மூடினார். "ரயில்ல போங்கோ தம்பி," என்றார். ராதாகிருஷ்ணன் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாங்கிக்கொண்டார். அவருடைய சட்டைப் பையில் அன்று மூன்று வெள்ளிதான் இருந்தது. கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் அந்தத் தாளை மாற்றித்தான் கிள்ளானுக்கு டிக்கெட் எடுத்தார்.

வீட்டில், கார் பட்டறையில் இருக்கிறது என்றார். அந்த வாரம் தம்பி கூப்பிட்டபோதும், நல்லா ஓடுது என்றார்.

இரண்டு வாரம் கழித்து ஷாமினி, மூன்று வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு கிள்ளான் வீட்டு வாசலில் வந்து நின்றாள். செத்தாப்பாக்கிலிருந்து ரயில் மாறி ரயில் ஏறி வந்திருந்தாள். யுகேந்திரனின் ராணுவ முகாமிலிருந்து அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். கோப்பரல் யுகேந்திரன் கடன் கட்டாததால் கார் பறிமுதலாகிவிட்டது என்று வங்கி முகாமுக்கே எழுதியிருக்கிறது. கடன் சிக்கலில் மாட்டிய ஆளைப் படையில் நல்லவிதமாகப் பார்க்க மாட்டார்கள். சார்ஜன் பதவிக்கான பயிற்சிப் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

"மாமா, என்ன ஆச்சு? நீங்கதான் மாசாமாசம் கட்டுறீங்களே," என்றாள் ஷாமினி.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். லோகேஸ்வரி காபியோடு வந்து பக்கத்தில் நின்றாள். பேங்க்காரன் ஏதோ தப்புப் பண்ணியிருக்கான் என்று அவர் வாய் சொல்லிற்று. ஷாமினி நம்பிவிட்டாள். நம்பியதோடு விடவில்லை. மறுநாளே கேட்டுவிடலாம், துணைக்கு வாருங்கள் என்றாள்.

வங்கியில் அவள் பேசியதை ராதாகிருஷ்ணன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் போட்டுப் பேசுகிற பெண் அல்ல அவள். அன்று குரல் உயர்ந்தது. என் புருஷன் நாட்டுக்காக வெளியூரில் நிற்கிறார், அவர் அண்ணன் ஒழுங்காகக் கட்டுகிறார், நீங்கள் எப்படி இப்படி எழுதலாம் என்று மலாயில் கேட்டாள். பத்து நிமிடம் பேசியிருப்பாள். அந்தப் பத்து நிமிடமும் ராதாகிருஷ்ணன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அதிகாரி கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். நான்கு மாதம் எதுவும் வரவில்லை.

ஷாமினி திரையைப் பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள். மகனைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். 

"என்னை எதுக்கு மாமா இவ்வளவு நேரம் பேச விட்டீங்க?" என்று வெளியே வந்ததும் கேட்டாள்.

அவர் மண்டபத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவள் கேட்க விரும்பவில்லை. உங்கள் தம்பியிடம் நீங்களே சொல்லுங்கள், நான் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

அன்று மாலை, அங்கே மதியம் ஆகியிருக்கும் என்று கணக்குப் பார்த்து, அவளுடைய தொலைபேசியிலிருந்தே ராதாகிருஷ்ணன் கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொன்னார். மண்டபம், கடிதங்கள், பிரிக்ஃபீல்ட்ஸ், முகாமுக்கு வந்த கடிதம். யுகேந்திரன் இடையில் ஒன்றும் கேட்கவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று இவர் இரண்டு முறை ஹலோ என்றார்.

"கேக்குதுண்ணே," என்றான் அவன்.  "காசு இல்லன்னு சொல்லியிருந்தா நான் அனுப்பியிருப்பேன். அதுக்குக் கோவம் இல்ல. வாரா வாரம் கேட்டேன். வாரா வாரம் நல்லா ஓடுதுன்னு சொன்னீங்க. நான் அதையும் நம்பிட்டு இங்க பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட எங்கண்ணன் பார்த்துக்குறாருன்னு சொல்லிட்டு இருந்தேன்."

பணி இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டான். ராதாகிருஷ்ணன் தொலைபேசியை ஷாமினியிடம் நீட்டியபோது அவள் அவர் கை படாமல் நுனியில் பிடித்து வாங்கிக்கொண்டாள்.

ஷாமினிக்குத் தெரிந்தவர்கள் மூலம் பிரிக்ஃபீல்ட்ஸில் தாமரை என்ற வழக்கறிஞர் கிடைத்தார். ராணுவக் குடும்பம் என்பதால் கட்டணம் வேண்டாம் என்றார். ஷாமினி அவரிடம் முதலில் கேட்டது, வெளிநாட்டில் பணியில் இருக்கிற ராணுவ வீரரின் காரை இப்படி எடுக்கக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லையா என்பதைத்தான். சில நாடுகளில் அதற்கென்றே தனிச் சட்டம் உண்டு, பணியில் இருப்பவரின் காரைக் கோர்ட் உத்தரவில்லாமல் தொட முடியாது என்றார் தாமரை. இங்கே கார்க் கடனில் யூனிபாரம் போட்டவர்களுக்கென்று அப்படி ஒரு சட்டம் கிடையாது.

"ஆனா உங்களுக்கு யூனிபாரம் தேவையில்லம்மா. முக்கால் பங்குக்கு மேல கட்டியாச்சு. முக்கால் பங்கு தாண்டிட்டா, யாரா இருந்தாலும் சரி, கோர்ட் ஆர்டர் இல்லாம கார எடுக்க முடியாது. இவங்க கோர்ட்டுக்கே போகல."

ஷாமினி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். அந்த முக்கால் பங்கும் யுகேந்திரன் முகாமிலும் காட்டிலும் கிடந்து கட்டியது. மண்டபம் பிடித்த தன்னையும் சேர்த்து அதுதான் காப்பாற்றப் போகிறது என்பது ராதாகிருஷ்ணனுக்கு விளங்கியது. அவரால் அந்த அறையில் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

வங்கி அனுப்பிய கடிதங்கள் எங்கே என்று தாமரை கேட்டார்.

"காருலதான் இருக்கு," என்றார் ராதாகிருஷ்ணன். "ஸ்பேர் டயருக்கு அடியில."

"பிரிச்சீங்களா?"

"ஒண்ணுதான்."

தாமரை அதை எழுதிக்கொண்டார். வங்கிக்கு அன்றே கடிதம் போகும், பயனீட்டாளர் புகாரும் கொடுக்கலாம் என்றார். ஆனால் முகாமில் யுகேந்திரன் பெயரைச் சரிசெய்ய வேறொன்று வேண்டும். தவணை கட்டாதது அவனல்ல என்று யாராவது சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். ஷாமினி இவர் பக்கம் திரும்பவே இல்லை. நான் தருகிறேன் என்று ராதாகிருஷ்ணன் சொன்னார்.

சத்தியப் பத்திரம் வாங்கும் அதிகாரியின் அறை ஒரு கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வரிசையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெரியவர். காது சற்று மந்தம் போலும், எல்லாவற்றையும் உரக்கப் படித்தார். தம்பி கொடுத்த பொறுப்பைத் தான் நிறைவேற்றவில்லை என்பதையும், வந்த கடிதங்களைத் தானே ஒளித்து வைத்ததையும், தம்பியிடம் பொய் சொன்னதையும் அறை முழுக்கக் கேட்கும்படி படித்துவிட்டு, இதெல்லாம் உண்மையா என்று கேட்டார். ராதாகிருஷ்ணன் ஆமாம் என்றார். கேட்கவில்லை என்று அதிகாரி சைகை காட்டினார். மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு மாதத்துக்குள் வங்கி இறங்கி வந்தது. இழுத்த கூலியும் நிறுத்திவைத்த கூலியும் வேண்டாம் என்று காரைத் திருப்பிக் கொடுத்தது. நின்ற தவணைகளைச் சிறிது சிறிதாகக் கட்ட ஒப்புக்கொண்டது. தவறு நடந்துவிட்டதாக முகாமுக்கும் எழுதியது. யுகேந்திரன் மேல் எந்தக் குறையும் பதிவாகவில்லை. ஆனால் அந்த வருடப் பயிற்சிப் பட்டியலை அதற்குள் மூடிவிட்டார்கள். அவனோடு சேர்ந்தவர்கள் போனார்கள். அவன் அடுத்த வருடத்துக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

கார் செத்தாப்பாக்குக்கே போய்விட்டது. ஷாமினி ஓட்டக் கற்றுக்கொண்டாள். ராதாகிருஷ்ணன் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டும் வேலைக்குச் சேர்ந்து, பாக்கியை மாதாமாதம் அவளிடம் அனுப்பினார். அவள் அதை வங்கியில் கட்டி, ரசீதைப் படம் எடுத்து அனுப்புவாள். ஒரு வார்த்தை சேர்க்க மாட்டாள்.

யுகேந்திரன் திரும்பி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்கு வந்து சாப்பிட்டான். அண்ணன் மகள் சடங்கு ஆல்பத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. பட்டுச் சட்டையில் மேடையில் நிற்கும் அண்ணனையும், பூவால் மூடிய தூண்களையும் அவன் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தான். அழகா இருக்கும்மா என்றான். ராதாகிருஷ்ணன் சமையலறைக்குள் போய், கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றார். இதற்குள் எல்லாம் தெரிந்துகொண்டிருந்த லோகேஸ்வரி வந்து குழாயை மூடினாள்.

அடுத்த வருடம் அவன் பெயர் பட்டியலில் வந்தது. துறைமுக வாசலில் லோரி வரிசையில் காத்திருந்தபோது ராதாகிருஷ்ணனுக்கு அழைப்பு வந்தது.

"அண்ணே, கோர்ஸ் கெடச்சிருச்சு. திங்கக்கிழமை போறேன்," என்றான் யுகேந்திரன்.

சந்தோஷம் என்று சொல்ல வாயெடுத்தார். ஒன்றரை வருடமாகப் பணம் கொடுத்திருக்கிறார், கையெழுத்துப் போட்டிருக்கிறார், சத்தியம் செய்திருக்கிறார், ஆனால் தம்பியிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"மன்னிச்சிருப்பா," என்றார்.

 பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். முன்னால் இருந்த லோரி நகர்ந்துவிட்டிருந்தது.

"வேலையில இருக்கீங்க போல. பார்த்து ஓட்டுங்கண்ணே," என்றான் அவன். "போறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வரேன்."