உண்ணி குடித்த சர்க்கரை

உண்ணி கடித்தது விசில்காரரை. காய்ச்சல் வந்தது அவர் மனைவிக்கு. ஒருவர் தின்ன இன்னொருவருக்கு வயிறு வலிக்கும் வீடுகளை இந்த ஊர் முன்பே பார்த்திருந்ததால் யாரும் வாயைப் பிளக்கவில்லை. விசில்காரர் என்பது பள்ளிக்கூடக் கால்பந்துப் பந்தயங்களுக்கு நடுவராக ஓடிக்கொண்டிருந்தவரின் பட்டப்பெயர். அவர் மனைவியை ஊரார் உண்ணியம்மா என்றார்கள். ஆராய்ச்சி நிலையத்தின் உண்ணி அறை அந்த அம்மாளின் பொறுப்பில் இருந்தது. நாயின் காதில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதே உண்ணிதான். அது மனித உடம்புக்குள் விட்டுப்போகும் காய்ச்சலைப் புரிந்துகொள்வதற்காக, மெல்லிய சவ்வின் வழியே வெதுவெதுப்பான ஆட்டு இரத்தத்தை ஊட்டி அவற்றை ராஜ உபசாரத்தோடு வளர்த்தார்கள். அந்த அறைக்குள் எல்லோருக்கும் வெள்ளை உடுப்பு. கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிப் பசைநாடா சுற்ற வேண்டும். உண்ணிக் கிண்ணங்கள் தண்ணீர்த் தட்டுகளின் நடுவில்தான் இருக்க வேண்டும். வெளியேறும்முன் ஒருவர் தலையை இன்னொருவர் சீப்பால் பிரித்துப் பிடரிவரை பார்த்தாக வேண்டும். எல்லோரும் உண்ணியம்மாவின் முன் தலையைக் குனிந்தார்கள். ஆனால் உண்ணியம்மாவைக் குனியச் சொல்லும் தைரியம் அங்கே ஒருவருக்கும் இல்லை. அவர் கதவுக் கண்ணாடியில் தன்னை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். கண்ணாடியில் பிடரி தெரியாது.

விசில்காரருக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை வியாதி. மருந்தும் ஊசியும் ஒரு பக்கம், அவருடைய நாக்கு ஒரு பக்கம் என்று இழுபறி நடந்து, கடைசியில் நாக்குதான் ஜெயித்தது. புதுச் செருப்பு கடித்த இடம் புண்ணாகி, புண் குழியாகி, ஆறமாட்டேன் என்று அடம்பிடித்தது. உண்ணியம்மாவின் தங்கை அதே நிலையத்தின் மேல்மாடியில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி செய்தார். எந்நேரமும் கையில் குடுவையோடு திரிந்ததால் அவர் குடுவை டாக்டர். அத்தான் என்றுகூடப் பார்க்காமல் விசில்காரரின் இடுப்பெலும்பில் துளைபோட்டு மஜ்ஜை எடுத்து, புதுத் திசுவை வளர்க்கத் தெரிந்த செல்களை அதிலிருந்து பெருக்கி, புண்ணின்மேல் பரப்பினார். இரண்டு முறை பரப்பியும் அவை பாகில் நட்ட நாற்றுபோலச் செத்தன. இந்தச் சர்க்கரையில் எதுவும் பிழைக்காது என்றார் அவர். இன்னும் இரண்டு மாதம் பார்ப்போம், அதற்கும் ஆறாவிட்டால் கணுக்காலோடு எடுத்துவிட வேண்டியதுதான் என்று அறுவை மருத்துவர் பல் பிடுங்குவதைப்போலச் சாதாரணமாகச் சொன்னார். அன்று விசில்காரர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி ஆணியில் மாட்டினார். அதைப் பார்க்க உண்ணியம்மாவுக்குச் சகிக்கவில்லை.

அந்த வாரம்தான் சர்க்கரை இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு காலையும் விரலைக் குத்திப் பார்த்தால், கல்யாணமான புதிதில் இருந்த அளவு காட்டியது. விசில்காரர் தன் வாய்க்கட்டுதான் காரணம் என்று கூசாமல் சொல்லிக்கொண்டார். குடுவை டாக்டர் மூன்றாம் முறை செல்களைப் பரப்பினார். இந்த முறை அவை வேர்பிடித்தன. புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகத் தோல் எழும்பியது. சர்க்கரை இறங்கத் தொடங்கிய அதே வாரம்தான் உண்ணியம்மா காய்ச்சலில் படுத்தார். தங்கை இரத்தம் எடுத்துப் பார்த்தபோது உண்ணி அறைக் கிருமி அதில் நீந்திக்கொண்டிருந்தது. அக்காவை உச்சி முதல் பாதம் வரை தேடியும் கடிவாய் இல்லை. படுத்த படுக்கையிலும் தொழில் விடவில்லை. உண்ணியம்மா கணவரை அருகில் அழைத்துக் குனியச் சொன்னார். காதுக்குப் பின்னால், முடிக்குள், பட்டாணி அளவுக்கு ஒன்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. மனைவியின் கூந்தலில் வந்து தலையணை வழியாகக் குடியேறியிருக்கிறது. அது இரத்தத்தைத் தொடவில்லை, சர்க்கரையை மட்டும் குடித்தது. அதனால் உண்ணியம்மா அதைப் பிடுங்காமல் விட்டுவைத்தார்.

காய்ச்சலுக்கு மாத்திரை இருந்தது. ஆனால் உண்ணியம்மா மாத்திரை விழுங்கினால் அங்கே உண்ணி குடிப்பதை நிறுத்தியது, சர்க்கரை ஏறியது. மாத்திரையை விட்டால் காய்ச்சல் வந்தது, உண்ணி மறுபடி குடித்தது. ஆராய்ச்சிக்காரர்கள் ஆனதால் அக்காவும் தங்கையும் இதை மாற்றி மாற்றிச் செய்துபார்த்து உறுதிப்படுத்திக்கொண்டார்கள். பிறகு உண்ணியம்மா மாத்திரைகளைத் தொட்டிச் செடிக்குள் புதைக்கத் தொடங்கினார். கணவரிடம் ஒழுங்காகச் சாப்பிடுவதாகச் சொன்னார். தங்கை கண்டித்தபோது அவர் பதில் ஒன்றுதான்.

"ஜுரம் வந்தா கம்பளி போத்திக்கலாம். கால் போனா எதைப் போத்துறது?"

அறுவை மருத்துவர் புண்ணைப் பார்த்துக் கெடுவை நீட்டினார், பிறகும் நீட்டினார். புண் உள்ளங்கை அளவிலிருந்து எலுமிச்சை அளவாகி, கட்டைவிரல் நகத்தளவுக்கு வந்தது. விசில்காரர் தடியூன்றி மைதானத்துக்குப் போய், விளையாடுகிறவர்களை வெளியிலிருந்தே திட்டிவிட்டு வந்தார். உண்ணியம்மா மெலிந்தார். வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. அவர் படுத்திருந்த அறையில் துணி சீக்கிரம் காய்கிறது என்று அக்கம்பக்கத்தார் ஈரத்துணி கொண்டுவந்து கொடுத்தார்கள். அவரும் முகம் சுளிக்காமல் வாங்கிக் கொடியில் போட்டார். தொட்டிச் செடி மட்டும் அந்தத் தெருவிலேயே நோயில்லாத செடியாகத் தழைத்தது.

குடுவை டாக்டர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அத்தானிடம் சொல்லமாட்டேன் என்று அக்காவுக்குக் கொடுத்த வாக்கு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் அக்காவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டவர், குழாயைக்கூட மடிக்காமல் நேரே அத்தானிடம் போனார்.

"அத்தான், அக்காவோட இதயம் தாளம் தப்புது. ஜுரம் அங்க போயிடுச்சு. மாத்திரைய அவ தொடறதே இல்ல. உங்க காலுக்காகத்தான்."

விசில்காரர் பெட்டியைத் திறந்து, தப்பாட்டம் ஆடுகிறவரை வெளியேற்றக் காட்டும் சிவப்பு அட்டையை எடுத்தார். தள்ளாடிக்கொண்டே போய் மனைவியின் கட்டிலில் அதை வைத்து, பக்கத்தில் இடுக்கியையும் வைத்தார். தரையில் உட்கார்ந்து, காதைக் காட்டித் தலையைக் குனிந்தார்.

"எடு. இல்லன்னா நானே பிச்சு எறிஞ்சிடுவேன்."

"இன்னும் நகத்தளவு பாக்கி இருக்குங்க. கொஞ்சம் பொறுங்க."

"கால் போனா உக்காந்து ஊதுவேன். நீ போனா யாருக்குடி ஊதுவேன்?"

உண்ணியம்மா அழுதார். இத்தனை வருட வாழ்க்கையில் கணவர் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இடுக்கியை எடுத்தார். உண்ணியைத் திருகக் கூடாது, நசுக்கக் கூடாது, தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த கை, காய்ச்சலில் நடுங்கியது. உண்ணி வந்தது, வாய் வரவில்லை. அது தோலுக்குள்ளேயே நின்றுவிட்டது. உண்ணி அறையில் இதைவிடப் பெரிய மானக்கேடு கிடையாது. புதிதாக வந்தவர்கள்கூட இந்தத் தவற்றுக்குத் தலைகுனிவார்கள். உண்ணியம்மா வாயில்லாத உடலைச் சாராயச் சீசாவில் போட்டு மூடி, மாத்திரையை விழுங்கிவிட்டு, மானம் போன துக்கத்தோடு தூங்கிப்போனார்.

காய்ச்சல் உண்ணியின் உடலோடு போய்விட்டது. இதயம் தன் தாளத்துக்குத் திரும்பியது. வாய் மட்டும் இருந்த இடத்திலிருந்து குடித்துக்கொண்டே இருந்தது. விசில்காரரின் சர்க்கரை ஏறவில்லை. குடிப்பது எங்கே போகிறது என்பது சமையலறை அலமாரியில் தெரிந்தது. இறுக மூடிய சீசாவை எறும்புகள் மொய்த்தன. நகத்தளவுப் புண்ணும் மூடிக்கொண்டது. அறுவை மருத்துவர் தடவிப் பார்த்து, நல்ல தோல் என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். குடுவை டாக்டர் இதை எழுதி ஆய்வு இதழுக்கு அனுப்பினார். வேறு தம்பதிகளிடமும் செய்துகாட்ட வேண்டும் என்று பதில் வந்தது. கடியைக் கணவர்கள் ஏற்க முன்வந்தார்கள், காய்ச்சலை ஏற்கத்தான் ஆளில்லை. ஆராய்ச்சி அதோடு நின்றது.

விசில்காரர் இப்போது முழு ஆட்டமும் ஓடுகிறார். உண்ணியம்மா சீசாவை உண்ணி அறை வழக்கப்படி தண்ணீர்த் தட்டில் வைத்திருக்கிறார். எறும்புகள் விளிம்புவரை வந்து நிற்கும். கணவர் வெளியில் திருட்டுத்தனமாக இனிப்பைத் தின்றுவிட்டு வந்தால் வரிசை வாசல்வரை நீளும், அன்று அவருக்குச் சோறு பாதிதான். மாலையில் உண்ணியம்மா வேலையிலிருந்து திரும்பியதும் அவர் சீப்போடு காத்திருப்பார்.

"குனி," என்பார்.

உண்ணியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்து குனிவார். விசில்காரர் முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பிடரிவரை பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க விடுவார்.