டிக்கி மூடாத வண்டி

என் மனைவி பல் டாக்டர். நோயாளியின் வாய்க்குள் இரண்டு கருவிகளையும் ஒரு பஞ்சுருண்டையையும் வைத்த பிறகுதான் அவளுக்குப் பேச்சு ஊறும். கேள்வி மேல் கேள்வி கேட்பாள். அவர்கள் ‘ம்ம்’ என்றால் ஆமாம் என்று எடுத்துக்கொள்வாள். ‘ம்ஹூம்’ என்றாலும் அவளுக்கு ஆமாம்தான். அந்தப் பழைய கார் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அப்படித்தான்.

க்ளினிக் தரைக்கு டைல்ஸ் பார்க்கப் போனபோது, கடையின் பின்புறம் உடைந்த மரப்பெட்டிகளுக்கு நடுவே அது நிற்பதைப் பார்த்திருக்கிறாள். உருண்டை விளக்குகள், குட்டையான மூக்கு, இரண்டு பக்கமும் உப்பிய கன்னம். அடுத்த வாரம் டைல்ஸ் கடைக்காரர் கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொள்ள வந்தார். “அந்தக் கார் சும்மாதானே நிக்குது, எனக்குக் குடுத்துடுறீங்களா?” என்று கேட்டாள். அவர் “ம்ம்” என்றார். வாய் மரமரப்பு தெளிந்து அவர் பேரம் பேச வருவதற்குள், இவள் மனத்துக்குள் வண்டிக்குப் பெயின்டே அடித்து முடித்துவிட்டாள். இளநீலம்.

லாரியிலிருந்து அதை இறக்கிய அன்று என் அம்மா வாசலுக்கு வந்து பார்த்தார்.

“யாருடா இதை நம்ம வீட்டு முன்னாடி போட்டுட்டுப் போறது? குப்பை வண்டிக்காரங்களுக்குச் சொல்லு.”

“அத்தை, இது நம்ம வண்டி” என்றாள் என் மனைவி.

அம்மா என்னைப் பார்த்தார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விடை தெரியாத பையன்கள் செய்வதை நானும் செய்தேன். குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டியை வீட்டின் பக்கவாட்டில் இருந்த தகர ஷெட்டுக்குள் தள்ளினோம். தள்ளும்போதே இடது பக்கக் கதவு கையோடு வந்துவிட்டது. “பரவாயில்ல, எப்படியும் கழட்டத்தானே போறோம்” என்றாள். அந்தக் கதவை அணைத்துப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்த பிறகு நான் மீதி வண்டியைத் தள்ளினேன்.

அவளுக்கு உதவியாக டிங்கர் வேலை செய்பவர் ஒருவர் வந்தார். நல்ல கைக்காரர். ஆனால் எதைக் கேட்டாலும் “நாளைக்கு முடிச்சிடலாம்” என்பார். அதனால் எங்கள் வீட்டில் அவருக்கு ‘நாளைக்கு’ என்றே பெயராகிவிட்டது. “நாளைக்கு இன்னிக்கு வர்றாரா?” என்று அம்மா கேட்பார். “இல்ல அத்தை, நாளைக்கு நாளைக்குத்தான் வர்றாராம்” என்பாள் இவள். வெளியாள் யாராவது கேட்டால் தலை சுற்றிப் போவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் மனைவி பழைய சட்டையை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் போய்விடுவாள். க்ளினிக்கில் தேய்ந்துபோன கருவிகளெல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. பல்லில் சொத்தை தேடும் ஊசியால் இரும்பில் துரு தேடினாள். “இங்க பாருங்க, மேல பார்த்தா நல்லா இருக்கு, உள்ள கொழகொழன்னு இருக்கு” என்று கூப்பிட்டுக் காட்டுவாள். நானும் எட்டிப் பார்த்து, ஏதோ புரிந்தவன் போலத் தலையாட்டுவேன்.

சோதனைகள் ஒன்றா இரண்டா? முதல் வருடம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை அழுத்தியபோது, பிரேக்கோடு அவள் காலும் தரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விட்டது. தகரத்தை வளைத்து அவள் காலை மீட்க நானும் அம்மாவும் பட்ட பாடு சொல்லி மாளாது. இரண்டாம் வருடம் எஞ்சின் முதல்முறையாக உயிர் பெற்றது. பத்து இருமல் இருமி, கரும்புகையாகக் கக்கிவிட்டு அடங்கியது. அந்தப் புகை நேராகப் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டைகளின் மேல் போய் இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் அன்றிலிருந்து சாம்பல் நிறச் சட்டைக்கு மாறிவிட்டார். அவளை மன்னித்துவிட்டார் என்றே நினைக்கிறேன். பல் வலி வந்தால் அவரும் எங்கே போவார்?

இதையெல்லாம் அவள் தூசி போலத் தட்டிவிட்டாள். அவளை உண்மையில் வாட்டியது டிக்கிதான். பழைய மூடி துருப்பிடித்துச் சல்லடையாகிவிட்டதால், அதே வருடத்து வண்டியின் மூடி ஒன்றை எங்கெங்கோ விசாரித்து வரவழைத்தாள். பொருந்தவில்லை. இரண்டு விரற்கடை அகலம் குறைந்தது. விற்றவர் மன்னிப்புக் கேட்டு வேறொன்று அனுப்பினார். அதுவும் அதே இரண்டு விரற்கடை. பின்பக்கக் கண்ணாடியும் அப்படியே. முன்பக்கத்துக்கு வாங்கியதெல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது. பின்பக்கத்துக்கு வாங்கியதில் ஒன்றுகூட உட்காரவில்லை.

“வயசான வண்டி டாக்டரம்மா. சுருங்கியிருக்கும்” என்றார் நாளைக்கு.

“இரும்பு எப்படிண்ணே சுருங்கும்?”

“மனுஷனே சுருங்குறான்.”

“மூடி பத்தாம இடைவெளி விழுதுண்ணே. அப்ப வண்டி விரிஞ்சில்ல இருக்கணும்?”

“சில மனுஷன் விரியவும் செய்யுறான்” என்று என் வயிற்றைப் பார்த்தார் அவர்.

மூன்றாம் வருடம் ஒரு ஞாயிறு காலை. வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்துவிட்டு அவள் அடியில் படுத்திருந்தாள். நான் வெளியே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். டொக் டொக் என்று தட்டும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. திடீரென்று சத்தம் மாறியது. டொக் என்பது டப் என்றானது. பிறகு சுரண்டும் சத்தம். அதன் பிறகு நெடுநேரம் ஒன்றுமே இல்லை.

“ஏங்க, டார்ச் எடுத்துட்டு உள்ள வாங்களேன்.”

நான் என் விரிந்த உடம்பை எப்படியோ வண்டிக்கு அடியில் நுழைத்தேன். முன் இருக்கைக்குச் சற்றுப் பின்னால், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை, விரல் பருமனுக்குப் பூசியிருந்த, பள்ளம் அடைக்கும் பட்டிப் பசையை அவள் சுரண்டி எடுத்திருந்தாள். அதற்கடியில் ஆறிய காயத்தின் தழும்பு போல வெல்டிங் கோடு ஓடியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் அடியில் இருந்த பழைய பெயின்ட் பச்சை. அந்தப் பக்கம் சிவப்பு.

“இது ஒரு வண்டி இல்லங்க” என்றாள் மெதுவாக. “ரெண்டு வண்டி, வேற வேற வருஷத்தோடது. எவனோ ஒரு மகராசன், முன்னாடி அடிபட்டது ஒண்ணு, பின்னாடி அடிபட்டது ஒண்ணு, ரெண்டையும் வெட்டி ஒட்டியிருக்கான்.”

இருவரும் அப்படியே மல்லாந்து கிடந்தோம். அழப்போகிறாள் என்று நினைத்து அவள் கையைப் பிடித்தேன். அவள் வயிறு குலுங்கியது. பார்த்தால் சிரிக்கிறாள். “பாவம், அந்த டிக்கி விக்கிறவரை என்ன பாடுபடுத்திட்டேன்! ரெண்டு தடவை மன்னிப்புக் கேட்டாருங்க!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் அவள் க்ளினிக்கிலும் அதிகம் பேசவில்லையாம். நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, “மேடத்துக்கு உடம்பு சரியில்லையா சார்? பேஷன்ட்டை எதுவுமே கேக்க மாட்டேங்குறாங்க” என்றாள்.

மூன்றாம் நாள் நாளைக்கு வந்தார். குனிந்து பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். “இவ்வளவு நாள் அடியில படுத்தும் என் கண்ணுல படலையே. பட்டி பூசினவன் கெட்டிக்காரன்” என்றார். பிறகு உற்சாகமாகி, “ஒண்ணும் கவலைப்படாதீங்க. மறுபடியும் வெட்டி, நேரா வெச்சு, பலமா ஒட்டிடலாம்” என்றார்.

“ஓடுமாண்ணே?”

“ஜோரா ஓடும்.”

“எதுலயாவது மோதினா?”

அவர் தலையைச் சொறிந்தார்.

“சரி, வேற மாதிரி கேக்குறேன். உங்க வீட்டம்மாவையும் பிள்ளைங்களையும் இதுல உக்கார வெச்சு, பெரிய ரோட்டுல வேகமா கூட்டிட்டுப் போவீங்களா?”

அவர் வண்டியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கையைத் துணியில் துடைத்தார்.

“நாளைக்குச் சொல்றேனே” என்றார்.

அவ்வளவுதான். அவள் எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். “விட்டுடலாம்ங்க” என்றாள் என்னிடம். “ஆடுற பல்லை வெச்சுக்கிட்டு அழாதீங்கன்னு வர்றவங்களுக்கெல்லாம் சொல்றேன். எனக்கு நானே ஒரு தடவை சொல்லிக்கக் கூடாதா?” அன்று ராத்திரி சாப்பாட்டை அவள் ரசித்துச் சாப்பிட்டாள்.

எதிர்பாராத எதிர்ப்பு அம்மாவிடமிருந்து வந்தது. முதல் நாளிலிருந்து அந்த வண்டியைத் திட்டித் தீர்த்தவர், இப்போது இடுப்பில் கை வைத்து நின்றார்.

“நல்லா இருக்குற வண்டியை எதுக்கும்மா குடுக்கணும்?”

“நீங்கதானே அத்தை தினமும் தூக்கிப் போடச் சொன்னீங்க?”

“சொல்லுவேன். அதுக்காகத் தூக்கிப் போட்டுடுறதா? மத்தியானத்துல பின் சீட்டுல உக்காந்துதான் என் தங்கச்சிகிட்ட போன் பேசுறேன். வீட்டுக்குள்ள பேசினா உன் புருஷன் ஒட்டுக் கேக்குறான்.”

நான் ஒட்டுக் கேட்டதே இல்லை. அவர் பேசுவது தெருமுனைக்கே கேட்கும்.

என் மனைவி பழைய கார் பிரியர்களின் குழு ஒன்றில் போட்டோவோடு விளம்பரம் போட்டாள்: ‘முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி வேறு வண்டி. சேர்த்தும் தரப்படும், பிரித்தும் தரப்படும்.’ பலர் சிரிப்பு பொம்மைகள் அனுப்பினார்கள். ஒருவர் மட்டும் நேரில் வந்தார். தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவர். நல்ல உயரம். ஷெட் வாசலில் தலையை இடித்துக்கொண்டு, இடித்த வலி தெரியாமல் வண்டியையே பார்த்தார்.

“இதே வண்டிதான் மேடம் என்கிட்டயும் இருக்கு. புயல்ல மரம் விழுந்து முன்பக்கம் அப்பளமாயிடுச்சு.”

“மரம் விழுந்தா எடுக்க வர்றது நீங்கதானேப்பா?” என்று அம்மா கேட்டார்.

“ஆமாம்மா. அந்த நேரம் பக்கத்துத் தெருவுல வேற மரம் எடுத்துக்கிட்டிருந்தேன்.”

அம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. என் மனைவி மட்டும் கறாராகக் கேட்டாள். “பாதியை வெட்டி உங்க வண்டியோட ஒட்ட மாட்டீங்களே?”

“ஐயோ, இல்ல மேடம். என் வண்டியோட சேஸிஸ், அந்த அடிச்சட்டம், நல்லா இருக்கு. எஞ்சின், பானெட், விளக்கு, மட்கார்டு. கழட்டி மாட்டுறது மட்டும்தான்.”

பிரிக்கும் நாளன்று நாளைக்கு சொன்ன நேரத்துக்கு வந்தார். சொன்ன நாளிலேயே வந்தார் என்பதால் நாங்கள் எல்லோரும் கொஞ்சம் கலங்கிப்போனோம். முந்தின நாள் சாயங்காலமே வந்து கார்புரேட்டரைச் சுத்தம் செய்திருந்தாராம். “போறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிடுங்க டாக்டரம்மா” என்றார்.

அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். இருமல் இல்லை, புகை இல்லை. வண்டி பூனை உறுமுவது போல ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரர் கொடியிலிருந்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். பிறகு புகை வராததைப் பார்த்து மெல்ல வெளியே வந்து நின்றார். அவள் ஸ்டீயரிங்கை ஒரு தடவை தடவிக் கொடுத்தாள்.

“நல்லாத்தான்டா ஓடுது” என்று அம்மா என் காதில் சொன்னார். தெருவுக்கே கேட்டது.

தீயணைப்புக்காரரின் முகம் வாடிவிட்டது. “உங்களுக்கு மனசு மாறிடுச்சுன்னா சொல்லுங்க மேடம். நான் வேற தேடிக்கிறேன்.”

என் மனைவி இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். பிறகு எஞ்சினை நிறுத்தி, இறங்கி, சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். “உங்க வண்டியில இதைவிட நல்லா ஓடும். அங்க ஒரே வண்டியா இருக்கும்ல” என்றாள்.

அதன்பின் ஒரே அமர்க்களம். வேண்டியதைக் கழற்றி எடுத்ததும், நாளைக்கு அந்த வெல்டிங் கோட்டிலேயே வெட்டினார். தீப்பொறி பறந்தது. தீயணைப்புக்காரர் தொழில் பழக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு நின்றார். முன்பாதியின் வெறுங்கூடு பழைய இரும்புக்குப் போனது. பின்பாதியை யாரும் கேட்கவில்லை. நாளைக்கே கேட்டு வாங்கிப் போனார். இப்போது அது அவர் பட்டறை வாசலில் சோபாவாகக் கிடக்கிறது. வேலை முடியுமா முடியாதா என்று காத்திருப்பவர்கள் அதில்தான் உட்கார்கிறார்கள். ஆளே இல்லாத நேரம் குறைவு என்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி வெயில் ஏறும்வரை தூங்கினாள். எழுந்து வந்து, ஷெட்டின் வெறும் தரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பாவம் என்று நினைத்து நான் தோளில் கை வைத்தேன். “எவ்வளவு இடம் இருக்கு பாருங்க” என்றாள்.

மாதங்கள் கழித்து தீயணைப்புக்காரர் வண்டியோடு வந்து நின்றார். கரும்பச்சை நிறம், கண்ணாடி போலப் பளபளப்பு. டிக்கி ஒரே தட்டில் மூடியது. அவள் அதைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள். எங்களை ஏற்றிக்கொண்டு அவர் ஏரிக்கரை வரை போனார். அம்மா முன் சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் வண்டி இரண்டு குலுக்கல் குலுக்கி நின்றுவிட்டது.

தீயணைப்புக்காரர் அசடு வழிந்தபடி இறங்கி பானெட்டைத் திறந்தார். நான் என் மனைவியைப் பார்த்தேன். இறங்கி ஓடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கதவைத் திறந்து, கால்களை வெளியே நீட்டி, ஏரிக்காற்றில் முடியை அவிழ்த்துவிட்டு, மடியில் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

“போய்ப் பார்க்கலையா?” என்றேன்.

“அவர் வண்டிங்க, அவர் பார்த்துப்பார்” என்று ஒரு கடலையை உரித்து என் கையில் போட்டாள். “பெட்ரோல் வர்ற குழாயை ஊதினா போதும். அவர் கேட்டா மட்டும் சொல்லுவேன்.”

அவர் கேட்டார். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். அவர் ஊதியதும் வண்டி கிளம்பியது. நாங்கள் ஏரியைப் பார்க்கப் போனோம்.