ராகு காலத்தில் ரீஸ்டார்ட்

அப்துல் வஹாபின் கம்ப்யூட்டர் கடைக்கு வருகிறவர்களில் மெஷின் ஏன் கெட்டது என்று தெரியாதவர்கள் பாதிப்பேர். மீதிப்பேர் தெரிந்தும் சொல்லாதவர்கள். பஞ்சநதம் பேராவூரணிச் சந்தையில் தேங்காய்க்கு விலை பேசி வளர்ந்தவர். எதைச் சொல்லலாம், எதை முழுங்கலாம் என்று அந்த வாய்க்குத் தெரியும்.

"தானா நின்னுடுச்சு பாய்," என்று, மகள் ஜெயபாரதிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்க லேப்டாப்பை மேசைமேல் வைத்தார்.

"தானா நிக்க இது என்ன டவுன் பஸ்ஸாண்ணே? என்ன செஞ்சீங்க, அதச் சொல்லுங்க."

வேறு வழியில்லாமல் சொன்னார். படங்கள் திறக்க நேரமாகிறது என்று மருமகன் செந்தில்குமார் ஒரு பென் டிரைவைக் கொடுத்து, புது விண்டோஸ் போட்டால் குதிரை மாதிரி ஓடும், உள்ளே இருப்பது ஒன்றும் போகாது என்றிருந்தான். பஞ்சநதமும் நேற்று, புதன்கிழமை காலையில் நல்ல நேரம் பார்த்து ஆரம்பித்தார். பதினோரு வருஷத்து மெஷின், ஊர்ந்து ஊர்ந்து எழுபத்தொரு சதவீதத்துக்கு வந்தபோது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. அப்போது பார்த்து, ரீஸ்டார்ட் ஆகப் போகிறேன் என்றது. புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை ராகு காலம். அந்த நேரத்தில் அவர் கன்றுக்குட்டிக்குக்கூட விலை பேச மாட்டார். புது விண்டோஸை முதன்முதலாக எழ விடுவாரா? சுவிட்சை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டார்.

"ஒன்றரைக்குச் சாப்பிட்டுட்டு வந்து போட்டேன். நீலமா வந்துச்சு. அதோட சரி."

"அப்புறம்?"

"மறுபடியும் பென் டிரைவப் போட்டேன். இங்கிலீஷ்ல என்னென்னமோ கேட்டுச்சு. எல்லாத்துக்கும் ஆமான்னேன்."

"எல்லாத்தையும் அழிச்சுடவான்னு கேட்டிருக்கும்ணே."

"மரியாதையாத்தான் கேட்டுச்சு."

வஹாபுக்குச் சிரிப்பு வந்தது. எதிரே இருந்த முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். "உள்ள என்ன வச்சிருந்தீங்க?"

உள்ளே இருந்தது கடைமடை வாய்க்கால். மேலே ஒரு மீன் பண்ணைக்காரர் மதகை அடைத்து வைத்துக்கொண்டதால், ஏழு வருஷமாக நடவு நேரத்தில் நூற்றிருபது ஏக்கருக்குத் தண்ணீர் எட்டவில்லை. வெடித்துக் கிடந்த வாய்க்காலை ஒவ்வொரு நடவின்போதும் நாள் தவறாமல் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தேதியையே பெயராகப் போட்டு வைத்திருந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். போனிலிருந்து வாட்ஸ்அப்பில் லேப்டாப்புக்கு அனுப்புவார். போன் நிறைந்ததும் அங்கே அழித்துவிடுவார். மனுமேல் மனுப் போட்டதில், நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை அதிகாரி வருகிறார். ஆதாரம் இல்லையென்றால் மனு முடிந்தது, மதகும் பண்ணைக்காரருக்கே.

"கேக்குற காசு தர்றேன் பாய்," என்றார் பஞ்சநதம்.

விலை பேசாத பஞ்சநதத்தை வஹாப் அன்றுதான் பார்த்தார். அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டித் தேட விட்டார். மதியம் போயிற்று. வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது. வஹாப் அஸர் தொழுதுவிட்டு வந்தபோதும் பஞ்சநதம் அதே ஸ்டூலில், வாங்கிக் கொடுத்த டீயைக் குடிக்காமல், திரையில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தரை மணிக்குத் தேடல் முடிந்தது. வந்தவற்றில் முக்கால்வாசி விண்டோஸின் சொந்தச் சாமான். மிச்சத்தில் பல படங்கள் அரைகுறை, மேலே கொஞ்சம் வானம், கீழே சாம்பல் பட்டை. முழுதாக வந்தவை ஒன்பது. பாளம் பாளமாக வெடித்த வாய்க்கால், நடுவில் பஞ்சநதத்தின் செருப்புக் கால்.

"இதான் பாய்! இதான்! ஒம்போது போதும், பிரிண்ட் போடுங்க."

வஹாப் பிரிண்டரில் கை வைக்கவில்லை. "பேரப் பாருங்கண்ணே."

நீங்கள் வைத்த தேதிப் பெயர்கள் போய்விட்டன, ஒன்று இரண்டு என்று அதுவாக எண் போட்டிருக்கிறது என்று விளக்கினார். வாட்ஸ்அப்பில் வந்ததால் படத்துக்குள்ளும் தேதி கிடையாது. கம்ப்யூட்டர் காட்டுவது மீட்டெடுத்த தேதியை. அதாவது இன்றைய தேதியை.

"இன்னைக்கு உங்க வாய்க்கால் எப்படிண்ணே இருக்கு?"

பத்து நாளாக அடைமழை. வாய்க்கால் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. காலையில் பஞ்சநதம் அதைத் தாண்ட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார். நாளைக்கு ஜீப்பிலிருந்து இறங்குகிற அதிகாரிக்கு முதலில் கண்ணில் படப்போவது அந்தத் தண்ணீர்தான்.

"தேதிய நீங்க மாத்திப் போட முடியாதா?"

"முடியும். பண்ணைக்காரர் ஆளும் ஒரு கம்ப்யூட்டர்காரன கூட்டிட்டு வருவான். கண்டுபிடிச்சா பொய் ஆதாரம்னு உங்க மேலயே கேஸ் திரும்பும். நான் செய்ய மாட்டேண்ணே."

போன் அடித்தது. பக்கத்து வயல்காரர் கோவிந்தராசு. சத்தமாகப் பேசுகிறவர், வஹாபுக்கும் கேட்டது.

"அண்ணே, நாளைக்கு முப்பது பேரு வர்றோம். பொம்பளைங்களும் வர்றாங்களாம். படமெல்லாம் பிரிண்ட் போட்டாச்சா?"

பஞ்சநதம் திரையைப் பார்த்தார். பிறகு தெருவில் ஓடும் மழைத் தண்ணீரைப் பார்த்தார்.

"யாரும் வர வேணாம்ப்பா," என்றார். "நான் மட்டும் போய்க்கிறேன்."

"ஏண்ணே?"

"ஒருத்தன் திட்டு வாங்குறதுக்கு முப்பது பேரு எதுக்கு?"

போனை அணைத்துவிட்டு, லேப்டாப்பின் மூடியை மெதுவாகச் சாத்தினார்.