ஏழு ஐம்பத்தொன்பது

எங்கள் மலையூர் லாஸ் லெங்காஸில் ஒரு சட்டம் உண்டு. காலை எட்டு மணிக்குள் புதுப்பனி முப்பது சென்டிமீட்டர் விழுந்திருந்தால் ஊரில் எல்லாக் கடைகளும் மதியம் ஒரு மணி வரை மூடியிருக்கும். ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் வழக்கம்போலத் திறக்க வேண்டும். சட்டம் வருவதற்கு முன்பு, நல்ல பனி விழுந்த நாளெல்லாம் ஊரில் பாதிப் பேருக்குப் பல்வலி வந்துவிடும். பல் வைத்தியரும் அன்று மலையில்தான் சறுக்கிக்கொண்டிருப்பார்.

அளப்பவன் நான். சறுக்குபவர்களை மலை உச்சிக்கு ஏற்றிச் செல்லும் தொங்குநாற்காலி நிலையத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை கிடக்கிறது. தினமும் அளந்து முடித்ததும் அதைத் துடைத்து வைப்பேன். மறுநாள் எட்டுக்குள் அதன்மேல் விழுவதுதான் கணக்கு. இருபத்திரண்டு வருடத்தில் அரை சென்டிமீட்டர்கூடக் கூட்டிச் சொன்னதில்லை. அதனால் எனக்கு நண்பர்கள் குறைவு. அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

எங்கள் பக்கம் ஆகஸ்டு நடுக்குளிர்காலம். அந்த மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை அந்தத் திமிர் என் கழுத்துக்கே கத்தியாக வந்தது. என் மனைவி நெலிடாவுக்குத் திங்கட்கிழமை நகரத்தில் இடுப்பு அறுவைச் சிகிச்சை. பிறகு சறுக்க முடியுமா என்று கேட்டதற்கு டாக்டர் காலண்டரைப் பார்த்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை என்று முன்னறிவிப்பு. வெள்ளிக்கு மட்டும் காலை எட்டு மணி வரை பனி, நாற்பது சென்டிமீட்டர், அப்புறம் நல்ல வெயில். ஆக, அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு நாள்தான். அவள் வேலை பார்ப்பதோ ஊரே 'டொன்' போட்டு மரியாதையாகக் கூப்பிடும் பாவுதிலியோவின் மருந்துக்கடையில். நாம் தலைகீழாக நின்றாலும் அந்த மனிதர் லீவு தரமாட்டார். நாற்பதை நம்பி நெலிடா முதல் நாளே சமையல் மேசையில் சறுக்குப் பலகைகளைக் கிடத்தி, என் இஸ்திரிப் பெட்டியால் மெழுகு தேய்த்து வைத்திருந்தாள்.

ஏழு ஐம்பதுக்கு அளவுகோலை இறக்கினேன். மூன்று முறை இறக்கினேன். சுற்றிலும் சறுக்குப் பலகைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஊரே நின்றது.

"எவ்வளவு?" என்றாள் நெலிடா.

"இருபத்தொன்பது."

"கண்ணாடிய தொடச்சிட்டுப் பாரு கிழவா."

"தொடச்சிட்டுத்தான் பார்த்தேன்."

"முப்பத்திநாலு வருசமா உனக்கு ஆக்கிப் போட்டிருக்கேன். ஒரு சென்டிமீட்டர் பெறமாட்டேனா நான்?"

"நீ ஒரு கிலோமீட்டரே பெறுவ. பலகை இருபத்தொன்பதுதான் சொல்லுது."

டொன் பாவுதிலியோ கோட்டுப் பையிலிருந்து கடைச் சாவியை எடுத்தார். "முடிஞ்சுது. வா நெலிடா, இருமல் மருந்து உனக்காகக் காத்திருக்கு."

அவள் சறுக்குப் பலகைகளைத் தோளிலிருந்து இறக்கினாள். அதுதான் என்னைக் கொன்றது. ஆனாலும் வாயில் பொய் வரவில்லை.

வாக்கிடாக்கியில் சுல்மாவைக் கூப்பிட்டேன். ஊர் வானொலியில் பனி அளவையும் நேரத்தையும் சொல்பவள் அவள்தான். பள்ளியில் நெலிடாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

"சுல்மா, இருபத்தொன்பது."

"இன்னும் விழுதா?"

"லேசா விழுது."

"அப்ப ஏன் அவசரப்படுற? எட்டு மணி ஆனா நானே சொல்றேன்."

நிலையத்து ஒலிபெருக்கி கரகரத்தது. "நேயர்களே, நேரம் ஏழு ஐம்பத்தொன்பது." ஒரு பாட்டு வந்தது, அக்கார்டியன் குதிக்கும் நீளமான பாட்டு. அது முடிந்ததும், "நேரம் ஏழு ஐம்பத்தொன்பது. இன்னொரு பாட்டு."

மூன்றாவது பாட்டில் டொன் பாவுதிலியோ மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "யார் காதுல பூ சுத்துறீங்க? என் வாட்ச்ல எட்டே கால்."

"சட்டத்துல உங்க வாட்ச் இருக்கா டொன்?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

இல்லை. 'வானொலி சொல்லும் நேரமே நேரம்' என்றுதான் இருந்தது. எழுதியவரே டொன் பாவுதிலியோதான். மூன்று குளிர்காலத்துக்கு முன்பு ஊரே கைக்கடிகார முள்ளைப் பின்னுக்குத் திருப்பி வைத்து அவரை ஏமாற்றியதில் வந்த வரி அது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

பனியும் நிற்கவில்லை. எட்டு வரை விழும் என்று முன்னறிவிப்பு சொன்னது. எட்டு வராதபோது அது எப்படி நிற்கும் என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் விளக்கம் சொல்லிக்கொண்டோம். பள்ளிக்கூட மணி அடிக்கவில்லை. ஏழு ஐம்பத்தொன்பதுக்கே எப்படிக் கிளம்புவது என்று பஸ் டிரைவர் இறங்கி வந்து மாத்தே தேநீர் குடித்தார். பலகைப் பக்கம் யாரும் மூச்சுவிடக் கூடாது என்று நான் எல்லோரையும் பின்னால் தள்ளினேன். அப்போது பார்த்து ஒரு நாய் பலகையருகே வந்து மோப்பம் பிடித்து, ஒரு காலைத் தூக்கியது. பாய்ந்து அதன் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தவர் டொன் பாவுதிலியோ.

"என்ன பார்க்குறீங்க? அளவுன்னா ஒழுங்கா இருக்கணும்," என்று எங்களைப் பார்த்து முறைத்தார்.

பதினோராவது பாட்டு ஓடும்போது மறுபடி அளவுகோலை இறக்கினேன். பனி முப்பதாவது கோட்டைத் தொட்டிருந்தது. நான் நம்பவில்லை, இன்னும் இரண்டு இடத்தில் இறக்கினேன். பிறகு வாக்கிடாக்கியில், "முப்பது," என்றேன்.

"நேயர்களே," என்றாள் சுல்மா, "நேரம் எட்டு மணி."

மணி சொன்னதற்கு ஊரே தொப்பியைத் தூக்கி எறிந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

முதல் நாற்காலியை நெலிடாவுக்கு விட்டார்கள். அவள் இறங்கி வந்தபோது இடுப்புவரை பனி, புருவத்தில் பனி, சிரித்துச் சிரித்து நிற்க முடியவில்லை.

"உண்மையிலேயே முப்பதா? எனக்காகச் சொல்லலையே?"

"உனக்காகச் சொல்றதா இருந்தா நாப்பதுன்னு சொல்லியிருப்பேன்."

"அதானே. இல்லன்னா இவ்வளவு சந்தோஷமா இருக்காது," என்று சொல்லி என் விறைத்த மூக்கில் ஒரு முத்தம் வைத்துவிட்டு மறுபடி வரிசைக்கு ஓடினாள். இடுப்பு நினைவு வந்து பாதியில் நொண்டினாள்.

ஒன்பதாவது முறை அவள் இறங்கி வந்தபோது சூரியன் மேற்கு முகட்டுக்குப் பின்னால் போயிருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். பக்கத்தில், பழைய மரப் பலகைகளில் மெதுவாகச் சறுக்கி வந்து நின்றார் டொன் பாவுதிலியோ. ஒரு பக்கக் கன்னம் முழுக்கப் பனி; எங்கோ விழுந்து எழுந்திருக்கிறார்.

நெலிடா தலை குனிந்தாள். "கடை திறக்கணுமே டொன். ஒரு மணி எப்பவோ ஆயிருக்கும்."

அவர் விரலை உயர்த்தி ஒலிபெருக்கியைக் கேட்கச் சொன்னார். பாட்டு முடிந்தது. "நேயர்களே, நேரம் பன்னிரண்டு ஐம்பத்தொன்பது."

டொன் பாவுதிலியோ கோட்டுக் கையைக் கைக்கடிகாரத்துக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டார். "சட்டம் சட்டம்தான் நெலிடா. இன்னும் ஒரு நிமிசம் பாக்கி இருக்கு. போயிட்டு வா."

ஐந்து மணிக்கு நின்றிருக்க வேண்டிய தொங்குநாற்காலி அவளைத் தூக்கிக்கொண்டு மேலே போனது.