எதிராளி மாமா

அப்பாவை இடப்பக்கமாகப் புரட்டி முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுத்தபோது, அவர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். மகளுக்குக் கையெல்லாம் விட்டுப்போயிற்று. மூன்று நாளாக இதே லத்தீன் பாடம். பதினோராவது வரியில் நின்றுவிடும். உதடு துழாவும். திரும்பவும் முதல் வரி. அவருக்கும் தூக்கமில்லை, அவளுக்கும் இல்லை. “இனிமே நிம்மதியா வெச்சுக்கங்க, அவ்வளவுதான்” என்று டாக்டர் கைகழுவிவிட்டார். எப்படி வைத்துக்கொள்வதாம்?

வேறு வழியில்லாமல் எதிராளி மாமாவுக்குப் போன் செய்தாள்.

வெள்ளைக்காரன் காலத்தில் இயேசு சபைச் சாமியார்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் எதிராளியை நியமிப்பார்கள். ஒருவன் லத்தீன் பாடம் ஒப்பிக்கையில் தடுமாறினால் மற்றவன் எழுந்து திருத்த வேண்டும். திருத்தியவன் பேருக்கு நேராகப் பலகையில் ஒரு கோடு. பத்து வயதில் அப்பாவுக்கு வாய்த்த எதிராளி எண்பது வருடமாக விட்டபாடில்லை. அம்மா செத்த அன்றுகூட, அப்பா சொன்ன கல்யாணத் தேதியைத் திருத்திய மகானுபாவர். பள்ளிப் படிப்பு முடிந்தபோது அவர் ஒரு கோடு முன்னால் இருந்தார். அதை அப்பாவிடம் சொல்லிக்காட்டாத நாளில்லை.

மத்தியானம் வந்துவிட்டார். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னும் முதுகு வளையவில்லை.

“எங்கம்மா நிக்கிறான்?”

“பதினோராவது வரி மாமா. எடுத்துக் குடுத்துடுங்க. பாவம், தூங்கட்டும்.”

“அன்னைக்கும் அதே வரியிலதான் நின்னான். நான் எந்திரிச்சுச் சொன்னேன். அந்த ஒரு கோடு.”

அப்பா பதினோராவது வரிக்கு வந்து நின்றார். மாமா நாற்காலியைத் தள்ளிவிட்டு, வகுப்பில் நிற்பதுபோல எழுந்து நின்று, உரக்க ஒரு வரி சொன்னார்.

அப்பா கண்ணைத் திறந்தார்.

“தப்பு” என்றார், தெளிவாக. பிறகு அந்த வரியைத் தானே சொல்லி, மிச்சத்தையும் மளமளவென்று ஒப்பித்து முடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். குறட்டை வந்தது. மகள் சுவரில் சாய்ந்தபடியே அயர்ந்துபோனாள்.

விழித்தபோது மணி நாலு. குறட்டை இல்லை. மாமா அப்பாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“இப்பதாம்மா” என்றார்.

அவளுக்கு அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது. “உங்களுக்குமா மாமா மறந்துபோச்சு?”

“வயசாகுதில்ல.”

சொந்தக்காரர்களுக்குச் சொல்ல அவள் கூடத்துக்குப் போனாள். அறையிலிருந்து பாடம் கேட்டது. ஒரு கணம் அப்பாதான் என்று நினைத்துவிட்டாள். மாமாவின் குரல். பதினோராவது வரியையும் அப்பா சொன்னபடியே சொல்லி, எங்கும் நிற்காமல் போயிற்று.

திரும்பி வந்தபோது அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மருந்து கொடுத்ததும் அவள் குறித்துவைக்கும் தாள் சுவரில் தொங்கியது. அதில் மேலே எழுதியிருந்த அப்பா பேருக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தது.