செல்வமேரிக்காக ஒரு மன்றாட்டு

விடுதிச் சமையலறையில் செல்வமேரி இடது கையால் இட்லி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வலது கை மணிக்கட்டு வரை பழைய வேட்டித் துணியால் சுற்றப்பட்டிருந்தது. போன வாரம் சோறு வடிக்கும்போது அண்டா சரிந்து கஞ்சி முழுவதும் அந்தக் கையில் கொட்டிவிட்டது. துணியின் ஓரத்தில் மஞ்சளாக நீர் ஊறியிருந்தது.

தட்டை நீட்டிய ஒன்பதாம் வகுப்பு ஐஸ்வர்யா முகம் சுளித்தாள். "ஏங்க்கா, பீச்சாங்கையில போடறீங்க?"

"சோத்தாங்கை லீவு கேட்டுச்சு கண்ணு. போய்த் தொலைன்னு குடுத்துட்டேன்."

வரிசை சிரித்தது. பின்னால் நின்ற ரூபி சிரிக்கவில்லை. "உங்களுக்கு லீவு இல்லீங்களாக்கா?"

"நான் லீவு போட்டா நீ என்னத்தத் திம்ப சாமி? நகரு, சாம்பார் ஆறுது."

அன்று வெள்ளிக்கிழமை. கடைசிப் பீரியட் 'சமூக நீதியும் தலைமைப் பண்பும்'. அறிவியல் ஆசிரியை ஷெர்லின்தான் அதையும் எடுத்தாள். பள்ளியின் பாதுகாவலியான புனிதையின் திருவிழா ஞாயிறன்று வந்தது. திருப்பலியில் வாசிக்கும் மன்றாட்டுகளை எழுதுவது இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பின் பொறுப்பு. ஷெர்லின் தாள்களைப் புரட்டினாள்.

"எல்லாரும் 'ஏழை எளியவர்களுக்காக'ன்னு எழுதியிருக்கீங்க. எந்த ஏழை? அவங்க பேர் என்ன?"

"பேரெல்லாம் சாமிக்குத் தெரியுங்க மிஸ்" என்றாள் ஐஸ்வர்யா.

"சாமிக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?"

சிரிப்பு அடங்கியதும் ரூபி எழுந்தாள். "செல்வமேரி அக்காவுக்காக எழுதலாங்களா மிஸ்? கை நொம்ப வெந்துபோச்சுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகக்கூட நேரமில்லீங்க அவங்களுக்கு."

ஷெர்லின் ஜன்னல் பக்கம் பார்த்தாள். சமையலறைப் புகைக்கூண்டிலிருந்து புகை எழுந்து சில்வர் ஓக் மரங்களுக்கிடையே பரவிக்கொண்டிருந்தது. "எழுது" என்றாள். ரூபி எழுதிக் கொண்டுவந்ததில் 'ஓய்வு' என்று இருந்த இடத்தை 'சம்பளத்தோடு ஓய்வு' என்று ஷெர்லினே திருத்தினாள்.

ஞாயிறன்று, பள்ளியை நடத்தும் கன்னியர் சபையின் தலைமை இல்லத்திலிருந்து வந்த சிஸ்டர்கள் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். சமையல்கட்டுப் பெண்கள் கடைசியில், கதவோரம். ரூபி மைக்கை எட்ட நுனிக்காலில் நின்றாள்.

"வெந்த கையோடு எங்களுக்காகச் சமைக்கும் செல்வமேரி அக்காவுக்கு, கை ஆறும்வரை சம்பளத்தோடு ஓய்வு கிடைக்க வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயிலே சொன்னது. விடுதிப் பிள்ளைகளின் குரல் மற்றக் குரல்களுக்கு மேலே எழுந்தது. முன்வரிசையில் ஒரு தலை திரும்பியது. செல்வமேரி கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பள்ளியின் தலைமை சிஸ்டர் ஷெர்லினை அழைத்தார். அவர் குரல் எப்போதும்போல மென்மையாக இருந்தது.

"பிள்ளைங்க கேட்டதைக் குடுத்தாச்சு மிஸ். செல்வமேரிய ஊட்ல ரெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டோம்."

"சம்பளம்... சிஸ்டர்?"

"வாழவந்தியிலிருந்து வேற ஒரு பொண்ணு வேலைக்கு வந்துட்டா. ஒரு வேலைக்கு ரெண்டு பேருக்கு எப்படிங்க குடுக்கறது?"

"கை ஆறினதும் திரும்ப வரலாங்களா?"

"அப்பப் பாக்கலாம்." சிஸ்டர் மேசைமேல் இருந்த ஜெபமாலையை நகர்த்தி வைத்தார். "உங்களுக்கும் டெம்ப்ரவரி ஆர்டர்தானே? மார்ச்சோட முடியுதில்ல?"

"ஆமாங்க சிஸ்டர்."

"மன்றாட்டெல்லாம் இனி ஆபீஸ்லயே எழுதிக்கறோம். நீங்க கிளாஸுக்குப் போங்க."

வகுப்பு வாசலில் ரூபி காத்திருந்தாள். "அக்கா எங்கீங்க மிஸ்? வேற யாரோ சோறு போடறாங்க."

"ரெஸ்ட்ல இருக்காங்க."

ரூபியின் முகம் மலர்ந்தது. "சம்பளத்தோடங்களா?"

ஷெர்லின் டஸ்டரை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கரும்பலகையை மறுபடி துடைத்தாள்.

சனிக்கிழமை அவள் கிளியூருக்கு நடந்தே போனாள். செல்வமேரி வீட்டு வாசலில் குந்தி, இடது கையால் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சட்டி நழுவி நழுவி உருண்டது. ஷெர்லினைக் கண்டதும் எழுந்தாள்.

"வாங்க மிஸ். இவ்வளவு தூரம் நடந்தா வந்தீங்க?"

"அக்கா, அந்தச் சம்பளங்கிற வார்த்தைய எழுதினது நான்தான்."

"அதுக்கென்னங்க இப்ப? அந்தப் புள்ளையத் திட்டிப்போடாதீங்க. எம் பேரு மைக்குல கேட்டது அன்னிக்குத்தான்." சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எஸ்டேட்டுல போய்க் கேட்டேனுங்க. ஒத்தக் கைக்குக் காப்பிக்கொட்டை பறிக்கற வேலை இல்லையாம். சிஸ்டர்ட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மிஸ். எனக்கு ரெஸ்ட்டு வேண்டாங்க. கை ஆறிப்போச்சு."

"ஆறலையேக்கா."

"ஆறிருச்சுங்க. கரண்டி புடிப்பேன். பாருங்க."

பல்லால் முடிச்சைக் கடித்துத் துணியை அவிழ்த்தாள். ஒட்டியிருந்த இடத்தில் வெடுக்கென்று இழுத்தாள். சிவந்து பளபளத்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கரண்டிக் காம்பைப் பிடிப்பதுபோல இறுக்கி, ஷெர்லினின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"மடங்குது பாத்தீங்களா?"

விரல்முட்டியில் தோல் பிளந்து நீர் கசிந்து முழங்கை வரை இறங்கியது. அவள் கையைத் தாழ்த்தவில்லை.